நர்ஸ் டெத் வந்தாச்சு

மார்ல்ஸ்டெட்டில் 'டெத்' என்றால் ரொட்டி. இங்கிலாந்தில், சஃபோக்கின் அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர் யாருக்கும் இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கடைத்தெரு முனையில் வால்டர் டெத்தின் பேக்கரி. பச்சைப் பலகையில் தங்க எழுத்தில் 'டெத் அண்ட் சன்ஸ்' என்று எழுதியிருக்கும். "டெத்து இன்னும் திறக்கலையா?" என்றும், "நேத்து டெத்து அடியில கொஞ்சம் கருகிப்போச்சு" என்றும் காலையில் பெண்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். கோடையில் லண்டனிலிருந்து கடலைப் பார்க்கப் போகிறவர்கள்தான் காரை நிறுத்தி, பலகையைப் படம் பிடித்து, தொடையில் தட்டிச் சிரித்துவிட்டுப் போவார்கள். வால்டருக்கு அந்தச் சிரிப்பைப் பற்றிக் கவலையில்லை. "படம் புடிக்கத் தெரியுது, ஒரு பன்னு வாங்கத் தோணலையே" என்பதுதான் அவர் வருத்தம்.

அவருடைய கடைசிப் பெண் மேவிஸ். பதினோரு வயதில் பக்கத்து நகரமான இப்ஸ்விச்சில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். முதல் நாள் டீச்சர் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் தயங்கி, "டெத்?" என்றார். மேவிஸ் எழுந்து, "வந்திருக்கேன் டீச்சர்" என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. தனக்குப் பின்னால் ஏதோ வேடிக்கை நடக்கிறது என்று நினைத்து அவளும் திரும்பிப் பார்த்தாள். பிச்சை என்று பெயர் வைத்திருக்கும் ஒருவரிடம் நாம் தட்டு எங்கே என்று கேட்பதில்லை அல்லவா? அவளுக்கும் அதுவரை அப்படித்தான் இருந்தது. சாவு ஒரு சொல், டெத் ஒரு குடும்பம். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான் என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைக் கேட்டாள். வால்டர் மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"பழைய பாதிரியார் சொல்லுவாரு. அடுப்பெரிக்கச் சுள்ளி பொறுக்கிக் குடுக்கிற ஆளுக்கு அந்தக் காலத்துல ஏதோ இதே மாதிரி ஒரு பேராம். அடுப்ப நம்பித்தான் இன்னிக்கும் நாம பொழைக்கிறோம். அதுல உனக்கு என்ன கொறச்சல்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லடி" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "கோயில் நாடகத்துல எமன் வேஷம் கட்டின வம்சம் இது. உங்கப்பா மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா?"

எது உண்மை என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவள் அதிகம் அலட்டிக்கொள்ளவும் இல்லை.

இரண்டாம் உலகச் சண்டை தொடங்கிய காலத்தில் மேவிஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தாள். தலைமை நர்ஸம்மா அவளைத் தனியாக அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதம்மா. ஆபரேஷன் முடிஞ்சு ஒருத்தன் மெதுவாக் கண்ண முழிக்கிறான். பக்கத்துல நீ நிக்கிற. 'யாரும்மா நீ'ன்னு கேக்கிறான். நீ என்ன சொல்லுவ?"

"நர்ஸ் டெத்துன்னு சொல்லுவேன் மேடம்."

"அவன் திரும்பக் கண்ண மூடிடுவான்."

அதற்கு ஒரு வழியையும் அவரே வைத்திருந்தார். பெயரை நடுவில் பிரித்து, ஒரு சின்னக் கோடு போட்டு, 'டி-ஆத்' என்று சொன்னால் போதும். வசதியான குடும்பங்கள் சில அப்படித்தான் எழுதுகின்றன. தமிழ்க் காதுக்கு அது யாரோ டீ ஆற்றுவதுபோலக் கேட்கும். இங்கிலீஷ் காதுக்கோ கோட்டையும் குதிரையும் வைத்திருக்கும் பிரபு வீட்டுப் பெயர். மேவிஸ் சரியென்று தலையாட்டினாள். கொஞ்ச காலம் நர்ஸ் டி-ஆத் ஆக இருந்தாள். நோயாளிகள் மரியாதையாகப் பேசினார்கள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வால்டர், கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, திராட்சை போட்ட ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மகளைப் பார்க்க வந்தார். வாசல் காவலாளியிடம், "நர்ஸ் டெத்தப் பாக்கணும்" என்றார்.

"அப்படி யாரும் இங்க இல்லையே பெரியவரே. இந்தப் பேர்ல ஒருத்தர ஆஸ்பத்திரியில வேலைக்கு வப்பாங்களா?"

வால்டர் பஸ் நிறுத்தத்தை நோக்கித் திரும்பினார். மாடி ஜன்னலில் விரிப்புகளை உதறிக்கொண்டிருந்த மேவிஸின் கண்ணில் அந்தக் கோட்டின் முதுகு பட்டது. படியிறங்கி ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"பேர மாத்திட்டியா பாப்பா?"

"மாத்தலப்பா. நடுவுல ஒரு கோடு, அவ்வளவுதான்."

"ஓ" என்றார். ரொட்டியை அவள் கையில் கொடுத்து, "சூடா இருந்துச்சு, வர்றதுக்குள்ள ஆறிடுச்சு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது மேவிஸுக்கு.

மறுநாள் காலை தலைமை நர்ஸம்மாவிடம் போய், தன் பழைய பெயரையே வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உன் இஷ்டம். ஆனா பேஷன்ட் முழிக்கும்போது சிரிச்ச முகமா நில்லு." அன்று பழகிய சிரிப்புதான், பிறகு அவள் முகத்திலேயே தங்கிவிட்டது. அந்த வாரமே ஒரு பரீட்சை வந்தது. குடலிறக்க ஆபரேஷன் முடிந்த பண்ணையாள் ஒருவர் கண் விழித்து, யார் என்று கேட்டார். பெயரைச் சொன்னாள். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"எந்த டெத்து? மார்ல்ஸ்டெட் ரொட்டிக்கடை டெத்தா?"

"அவர் பொண்ணுதான்."

"அப்ப சரி. கொஞ்சம் தண்ணி குடும்மா."

சண்டை முடிந்தபின் மேவிஸ் பிரசவம் பார்க்கும் நர்ஸாகச் சொந்த ஊருக்கே வந்து சேர்ந்தாள். முதலில் சைக்கிள், பிறகு ஒரு சின்னக் கார். சுற்றுவட்டாரத்தில் யாருக்கு வலியெடுத்தாலும், "டெத்தக் கூப்பிடு" என்று ஆள் ஓடும். காலப்போக்கில் இந்தப் பெயருக்கு ஊரார் ஒரு புது உபயோகமும் கண்டுபிடித்துவிட்டார்கள். அதை முதலில் சொன்னவள் லாஸ்ட் என்ற பெயருள்ள ஒரு குடும்பத்துக் கிழவி. ஒரு பிரசவ வீட்டில், சமையலறையில் மேவிஸுக்கு டீ ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"அசல் டெத்தே வந்து இங்க உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்கு. அந்த இன்னொருத்தன் எப்படி உள்ள வருவான்? எட்டிப் பாப்பான், ஏற்கெனவே ஆள் வந்தாச்சுன்னு திரும்பிப் போயிடுவான்."

மேவிஸ் படித்தவள். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் "நர்ஸ் டெத் வந்தாச்சு" என்று யாராவது மாடிப்படியில் சொல்லும்போது, மேலே கட்டிலில் இறுகிக் கிடந்த கை தளர்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அதனால் மறுத்துப் பேசவில்லை. அந்த இன்னொருவன் வந்துபோன வீடுகளும் உண்டு. அந்தச் சின்னச் சவப்பெட்டிகளுக்குப் பின்னால் அவளும் நடந்து போயிருக்கிறாள். அப்போதெல்லாம் அவள் பெயரைக் குத்திக்காட்டி ஒரு தாய்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதை அவள் எப்போதும் நன்றியோடு சொல்வாள்.

ரெஜினால்ட் குட்சைல்ட் விதைக்கடைக்காரர். கல்யாணம் ஆகாதவர், கூச்ச சுபாவம். பிடரியில் கட்டி வந்து மேவிஸிடம் காட்ட வந்தார். அவள் கீறிவிடத் தயாரானபோது, பயத்தை மறைக்கப் பேச ஆரம்பித்தார்.

"உங்க பேரக் கேட்டா ஆளுங்க பயப்படுவாங்க, அதுல ஒரு கெத்து இருக்கு. என் பேரு குட்சைல்ட், நல்ல பிள்ளை. பள்ளிக்கூடத்துல ஒரு கண்ணாடி உடைஞ்சா போதும், வாத்தியார் நேரா என்கிட்ட வந்து 'நல்ல பிள்ளை செய்யற காரியமா இது'ம்பார். நான் எதையும் உடைச்சதே இல்லைங்க. ஒண்ணு ரெண்டு உடைச்சிருக்கலாம்னு இப்பத் தோணுது."

"சிரிக்க வைக்காதீங்க, கையில கத்தி இருக்கு" என்றாள் மேவிஸ்.

கட்டி ஆறிய பிறகும் ரெஜ் வந்துகொண்டிருந்தார். முட்டைக்கோஸ் நாற்று கொண்டுவருவார், பட்டாணி விதை கொண்டுவருவார். ஊரே கவனித்தது. ஒருநாள் தோட்டத்தில் நின்றுகொண்டு, காதெல்லாம் சிவக்க, விஷயத்தைச் சொன்னார்.

"என் பேர நீ எடுத்துக்கலாம். உனக்கு இஷ்டமில்லைன்னா, நான் வேணா உன் பேர..."

"'டெத் விதைக் கடை'ன்னு போர்டு வச்சா எவன் வாங்குவான்? சும்மா இரு ரெஜ். சரின்னுதான் சொல்லப் போறேன்."

கல்யாணம் நடந்தது. மாவட்ட அலுவலகத்தில் இருந்த மேலதிகாரியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடம் அவர் அனுப்பும் தாள்களில் அந்தப் பெயரை எழுதக் கூசியவர். இப்போது பிரசவ நர்ஸின் பெயர் குட்சைல்ட்! கேட்டிருந்தாலும் கிடைக்காத பெயர். உடனே பித்தளையில் 'நர்ஸ் குட்சைல்ட்' என்று பலகை செய்து அனுப்பிவிட்டார். வீட்டு வாசலில் இருந்த பழைய 'நர்ஸ் டெத்' பலகை இறங்கியது.

சில வாரங்களில் பெரிலுக்கு வலி எடுத்தது. லாஸ்ட் கிழவியின் பேரனைக் கட்டியவள், தலைப்பிரசவம். நல்ல வெயில், ஜன்னல்கள் திறந்திருந்தன. மேவிஸ் பையோடு மாடியேறினாள். கீழேயிருந்து கணவன் ரான், மரியாதையாக, "நர்ஸ் குட்சைல்ட் வந்திருக்காங்க" என்றான்.

பெரில் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"எனக்கு அவங்க வேணாம்! டெத்துதான் வேணும்!"

"நான்தான்டி பெரில். மேவிஸ். கண்ணத் தொறந்து பாரு."

"நீங்கதான்னு தெரியுது. ஆனா பேரு போயிடுச்சே! அந்த இன்னொருத்தன் வந்தா யாரு தடுக்கிறது?" அடுத்த வலி வந்தது. அவள் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. "டெத்து வேணும்! டெத்த வரச் சொல்லுங்க!"

அந்த நேரம் பார்த்துப் புதுப் பாதிரியார் பில்ப்ரோ சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். வேறு மாவட்டமான சர்ரேயிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, கையில் ஜெபப் புத்தகத்தோடு மூச்சிரைக்க மாடிக்கே வந்துவிட்டார்.

"மகளே, வேணாம்மா! அப்படிக் கேக்கக் கூடாது. உயிர் ஆண்டவர் குடுத்தது!"

"ஐயா, அவ நர்ஸக் கேக்கிறா" என்றாள் லாஸ்ட் கிழவி.

"நர்ஸ்தான் இங்கேயே நிக்கிறாங்களே!"

"அவங்க இப்ப குட்சைல்ட். இவளுக்கு டெத்துதான் வேணுமாம்."

பாதிரியார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மேவிஸுக்கு வந்த சிரிப்பில் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அழுதுகொண்டிருந்த பெரிலுக்கும் தொற்றிக்கொண்டது. பிறகு மேவிஸ் அவள் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்பினாள்.

"இங்க பாரு. நான் வால்டர் டெத்தோட பொண்ணு. பொறந்ததும் டெத்து, இந்த வேலைக்கு வந்ததும் டெத்து. இன்னிக்கு உன் பிள்ளைய வெளிய எடுக்கப்போறதும் டெத்துதான். போதுமா? இப்ப முக்கு. ஐயா, நீங்க கீழ போய் வெந்நி வைங்க."

பாதிரியார் ஜெபப் புத்தகத்தை ரானிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அவர் மூன்றாவது கெட்டிலை ஏற்றும்போது மாடியில் குழந்தை வீறிட்டது. தாயும் பிள்ளையும் சுகம். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அவர் இதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

விதைக்கடையில் இருந்த ரெஜ் காதுக்கு அது அன்றைக்கே எட்டியது. மேவிஸ் வீடு திரும்பியபோது அவர் ஸ்டூலில் ஏறி நின்று, பித்தளைப் பலகையின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கோவமா ரெஜ்?"

"எதுக்குக் கோவம்? என் பேருதான் கடையில இருக்கே. ஒரு ஊருக்கு ஒரு நல்ல பிள்ளை போதும்." பழைய பலகையைக் கோட்டுப் பைக்குள்ளிருந்து எடுத்தார். கடையில் டர்னிப் விதை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருந்தாராம். "தூக்கிப் போட மனசு வரல."

அதன்பின் அவள் கோயிலில் திருமதி குட்சைல்ட், வேலையில் நர்ஸ் டெத். மேலதிகாரியம்மா சில தடவை முகம் சுளித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். வீட்டு போனை ரெஜ் எடுத்தால், "டெத் வெளிய போயிருக்காங்க, நான் குட்சைல்ட் பேசறேன்" என்பார். தெரியாதவர்கள் பேசாமல் வைத்துவிடுவார்கள்.

அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுப் பேசினார்கள். "குட்சைல்ட்ன்னு ஒரு சின்னது ஓடி வரும்னு நினைச்சேன்" என்றார் ரெஜ். மேவிஸ் அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மறுநாள் யாருக்கோ வலி கண்டது, அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மேவிஸ் ஓய்வு பெற்று, நெடுநாள் இருந்து, ஒரு வசந்தத்தில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். அவள் கையில் பிறந்தவர்களே அவளைத் தூக்கிச் சென்றார்கள். இடமில்லாமல் பலர் கோயிலுக்கு வெளியே புல்லில் நின்றார்கள். ரெஜ் அதன்பிறகும் சில வருடம் இருந்தார். அவருக்குச் சமைக்கத் தெரியாது என்பது ஊருக்குத் தெரியும். ஞாயிறுதோறும் மேவிஸ் கையில் பிறந்த பிள்ளைகளில் யாராவது ஒருவர் மாற்றி மாற்றி, வறுத்த மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் தட்டில் மூடிக் கொண்டுவந்து கொடுத்தார். ரெஜ் நன்றாகவே பெருத்துவிட்டார். சாப்பாடு எப்படி என்று கேட்டால் மட்டும், குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தியிருக்கலாம் என்று குறைப்பட்டுக்கொள்வார்.