விளக்கு வைத்த கல்லும் டேப்பு என்கிற என் நண்பனும்

என் நண்பனுக்கு ஊர் வைத்த பெயர் டேப்பு. அவன் துணி அளக்கிறவன் இல்லை, நிலம் அளக்கிறவனும் இல்லை. கதை அளக்கிறவன். ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் பழைய ஊரைப் பார்க்க வருகிறவர்களை நடத்தியே கூட்டிக்கொண்டு போய், இது இன்னார் கட்டிய மதில், இது இன்னார் இடித்த கோபுரம் என்று காட்டுவதுதான் அவன் பிழைப்பு. எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. பாலத்தைத் தாண்டினால் முதல் கடை என்னுடையது என்பதால் அவனுடைய நடை என் வாசலில்தான் தொடங்கும். அதே பொய்யை அதே ஏற்ற இறக்கத்தோடு தினமும் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

அன்று காலை அவன் தனியாக வந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"கடையைச் சாத்திட்டு என்கூட வா," என்றான்.

"எங்க?"

"அக்கா வீட்டுக்கு. அளக்க வந்துட்டாங்க."

எனக்கு விஷயம் தெரியும். பழங்கட்டடத் துறை அவனுடைய அக்கா வீட்டைத் தன் வசம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று கொஞ்ச நாளாகப் பேச்சு இருந்தது. எடுத்துக்கொண்டால் அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது. ஊருக்கு வெளியே எங்கோ ஒரு அடுக்குமாடியில் இரண்டு அறை கொடுப்பார்கள். அக்கா கல்யாணமாகிக் காலடி எடுத்து வைத்த வீடு அது. கணவர் செத்ததும் அந்த வீட்டில்தான். முன்னறையில் தையல் மிஷின் போட்டுத் துணிப்பை தைத்து, தெருப்பக்கம் இருக்கும் சன்னலில் தொங்கவிட்டு விற்றே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாள். அந்த வீட்டை எடுத்துக்கொள்ள எந்தத் துறையும் நினைத்திருக்காது. நினைக்க வைத்தவன் என் அருமை நண்பன்.

அக்கா வீட்டு வாசலில் நடுவில் குழிந்த ஒரு கல் கிடக்கிறது. முற்றுகையின்போது ஊரை விட்டுத் தப்பிய ராணி, படகுக்காரனுக்கு அடையாளம் தெரிவதற்காக அந்தக் குழியில்தான் விளக்கை ஏற்றி வைத்தாள் என்று இவன் ஒரு கதை கட்டினான். கேட்கிறவர்கள் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்து உருகிப்போவார்கள்.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. புத்தகத்தில் இருப்பதைச் சொல்லும்போது கட்டினாங்க, இடிச்சாங்க என்று முடிப்பார்கள். சொந்தச் சரக்காக இருந்தால் 'ன்னு சொல்லுவாங்க' என்று ஒரு வாலைச் சேர்ப்பார்கள். அந்த வால் இருந்தால், இதற்கு நான் பொறுப்பில்லை என்று அர்த்தம். டேப்பும் ராணி கதையை 'விளக்கு வச்சாங்கன்னு சொல்லுவாங்க' என்றுதான் முடிப்பான். துறையிலிருந்து வந்து கூட்டத்தோடு கூட்டமாக நின்று கேட்ட அதிகாரியம்மாவுக்கு இந்த ஏற்பாடு எப்படித் தெரியும்? ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

நான் கடையைச் சாத்தினேன். "நேரா போய் அந்தக் கதைய நான்தான் கட்டினேன்னு சொல்லிடு. தொழில் போனாலும் பரவால்ல," என்றேன்.

"அதுக்குத்தான் போறேன். பாதியில வாய் கொழறிடுச்சுன்னா நீ சொல்லணும்."

துணிக்காரர் சந்து வழியாக நடந்தோம். இரண்டு பக்கமும் மாடிகள் தலைக்கு மேலே முட்டிக்கொள்கிற மாதிரி நெருங்கியிருக்கும் சந்து அது. மற்ற நாளில் அங்கே நாலடிக்கு ஒரு தரம் நின்று கையை நீட்டிப் பேசுகிறவன், அன்று தரையைப் பார்த்தே நடந்தான். மணிக்கூண்டுக்குக் கீழே ஒரு வெளியூர்க் குடும்பம் அவனை அடையாளம் கண்டுகொண்டது. "நீங்கதானே அந்த கைடு? இந்தக் கடிகாரம் ஏன் ஓடல?" என்று கேட்டார்கள். அவன் வாய் தானாகத் திறந்தது. "ராஜா உயிர் போன அந்த நிமிஷத்துல..." என்று ஆரம்பித்தும்விட்டான். நான் முழங்கையால் விலாவில் ஒன்று வைத்தேன். அந்தக் குடும்பம் எங்கள் பின்னாலேயே வர ஆரம்பித்தது. ஏதோ இலவச நடை என்று நினைத்திருப்பார்கள்.

மணிக்கூண்டைத் தாண்டி ஒதுக்குப்புறச் சந்து ஒன்றில் இருக்கும் அக்கா வீட்டு வாசலில் இரண்டு ஆட்கள் சுவரை அளந்து சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகாரியம்மா கல்லுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா சன்னலோரம் பைகளுக்கு நடுவே நின்றாள், கையில் கத்தரிக்கோல். யார் மேல் பாய்வது என்று தேடுகிற பார்வை. எங்களைக் கண்டதும் பார்வை தம்பி மேல் நின்றது.

டேப்பு நேராகப் போனான். "மேடம், இந்தக் கல்லுல எந்த ராணியும் விளக்கு வைக்கல. அந்தக் கதை நான் கட்டினது. இது எங்க மாமா, அதான் அக்கா வீட்டுக்காரர், கோழிக்குத் தண்ணி வைக்கக் கொண்டாந்த கல்லு. பழைய குதிரை லாயத்த இடிச்சப்ப குப்பையில கெடந்துச்சு."

அதிகாரியம்மா நிதானமாக எழுந்தார். "நீங்க இதச் சொன்னப்ப நான் கூட்டத்துல நின்னேன். சொல்லும்போது அழுதீங்க."

"அந்த இடத்துல அழுறது வழக்கம் மேடம்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். சிரிப்பா கோபமா என்று எனக்கே தெரியவில்லை.

"அக்கா வீடு கைய விட்டுப் போகுதுன்னதும் மாத்திப் பேசறீங்க. உங்க நெலம எனக்குப் புரியுது. ஆனா நீங்க ஒருத்தர் சொன்னா போதுமா?" என்றார் அவர். அதற்குள் எதிர்வீட்டுப் பூட்டுக்காரர், யாரும் கூப்பிடாமலே, தெருவைத் தாண்டி வந்துவிட்டார். "அவன் பயந்துபோய்ப் பேசறான் மேடம். இது உண்மை. எங்க தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன். ராணி வெறுங்காலோட வந்தாங்களாம்."

டேப்பு அவரை வாயைப் பிளந்து பார்த்தான். வெறுங்கால் அவன் கதையிலேயே கிடையாது. பூட்டுக்காரர் பொய் சொல்கிறவரும் இல்லை. நிஜமாகவே தாத்தா சொன்னதாக அவர் மனதில் பதிந்துபோயிருந்தது. வீட்டை அடித்துக்கொண்டு போகிற அளவுக்குக் கதை வளர்ந்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

அதிகாரியம்மா அக்காவிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இவர உங்களுக்குச் சின்ன வயசுலேர்ந்து தெரியும். இவர் பொய் சொல்றவரா?"

ஒரே ஒரு 'ஆமா' போதும். வீடு தப்பிவிடும். அவன் பொய்யன் என்று அக்கா வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். புளுகுணி என்று கூப்பிட்டுத்தான் அவனுக்குச் சோறே போடுவாள். டேப்பு அவளைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தான். "சொல்லுக்கா," என்றான்.

"வீட்டுக்குள்ள நான் ஆயிரம் திட்டுவேன்," என்றாள் அக்கா. "தெருவுல நின்னு, வெளியாளு முன்னாடி, என் தம்பிய பொய்யன்னு சொல்ல மாட்டேன்."

"அக்கா, வீடு போயிடும்," என்றேன் நான். என் குரல் எனக்கே அதிகமாகப்பட்டது. "வீம்புக்கு ஒரு நேரம் காலம் இல்லையா?"

"போனா போகட்டும். நீ உன் வேலையப் பாரு."

அளக்கிற ஆட்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். டேப்பு கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பிறகு திடீரென்று, வாடிக்கையாளர்களைக் கூப்பிடுகிற அதே குரலில், "எல்லாரும் என் பின்னாடி வாங்க. மேடம், நீங்களும் வாங்க. ஒரு சுத்துதான்," என்றான்.

ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் எல்லாரும் நடந்தோம். அதிகாரியம்மா, அந்த வெளியூர்க் குடும்பம், பூட்டுக்காரர், நான். கதவைக்கூடச் சாத்தாமல் கத்தரிக்கோலோடு அக்கா கடைசியில் வந்தாள்.

பழைய சுங்கச்சாவடியின் சுவரில் ஒரு பெரிய பள்ளம் இருக்கும். அதைக் காட்டி, "இது பீரங்கிக் குண்டு பட்ட பள்ளம்னு சொல்லியிருக்கேன். பொய். லாரி பின்னால வந்து இடிச்சது. ஓட்டினவர் எனக்கு சித்தப்பா முறை," என்றான். வெளியூர்க் குடும்பம் சிரித்தது. மணிக்கூண்டில், "ராஜா செத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ரிப்பேருக்குன்னு சக்கரத்தக் கழட்டிட்டுப் போனவங்க திரும்பி வரல," என்றான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கடைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மணிக்கூண்டைப் பொம்மையாகச் செய்து விற்கிற அம்மா, "வெறும் வயித்துல குடிச்சிட்டியா?" என்று கத்தினாள். அவன் நிற்கவில்லை.

இளவரசர் தங்கியதாகச் சொல்லப்படும் விடுதிக்கு முன்னால் அவன் நின்றான். அந்த விடுதிக்காரர் இளவரசர் பெயரைச் சொல்லித்தான் ஓர் அறைக்கு இரண்டு மடங்கு வாங்குகிறார். அவருக்கு அதற்குள் செய்தி எட்டியிருந்தது. படியிலிருந்து இறங்கி வந்து டேப்பின் சட்டையைப் பிடித்தார்.

"ஒரு வார்த்த பேசினே, பல்லு இருக்காது. என் வயித்துல அடிக்கவா வந்தே?"

"இங்க எந்த இளவரசரும் தங்கல," என்றான் டேப்பு. "அந்தக் காலத்துல இந்தக் கட்டடமே இல்ல."

விடுதிக்காரர் கையை ஓங்கினார். நான் குறுக்கே போனேன். அவர் தள்ளிய தள்ளில் என் கண்ணாடி கழன்று விழுந்து ஒரு பக்கம் உடைந்தது. கண்ணாடிக் கடைக்காரனுக்கு அது பெரிய நஷ்டமில்லை என்றாலும் கெட்ட வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. அதிகாரியம்மா, "அவர் மேல கை வச்சா நான் சும்மா இருக்க மாட்டேன்," என்றார். விடுதிக்காரர் சட்டையை விட்டார். "இனி இந்தத் தெருவுல உன்னப் பாக்கக் கூடாது," என்று அவர் சொன்னது பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. அவர் மட்டும் இல்லை, வழியில் நின்றவர்கள் முகத்திலும் அதுதான் எழுதியிருந்தது.

பாலத்துக்கு வந்தோம், என் கடை வாசலுக்கு. என் கடையின் நிலவறையில் எதிரி நாட்டு ஒற்றன் ஒளிந்திருந்தான் என்பது இவன் கட்டிய கதை. அதைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக்கொண்டு போவார்கள். டேப்பு என்னைப் பார்த்தான். முதல் தடவையாகத் தயங்கினான்.

"சொல்லித் தொலை," என்றேன்.

சொன்னான். ஒற்றன் போனான், என் கறுப்புக் கண்ணாடி வியாபாரமும் போனது.

அதிகாரியம்மா பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு ஆற்றைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "மத்ததெல்லாம் பெரிய தெருவுல இருக்கு. எப்படியும் எல்லாரும் நடக்கற வழி. யாருமே போகாத சந்துக்குள்ள நொழஞ்சு ஒரு கோழித்தண்ணிக் கல்லுக்கு எதுக்குக் கதை கட்டினீங்க? அத மட்டும் சொல்லுங்க. நம்பறதா வேண்டாமான்னு முடிவு பண்றேன்."

டேப்பு அக்காவைப் பார்த்தான்.

"பதில் சொல்லேண்டா," என்றாள் அக்கா.

"மாமா போனதும் அக்கா தைக்க உக்காந்தா மேடம்," என்று தரையைப் பார்த்துச் சொன்னான். "சன்னல்ல பை தொங்கிட்டே இருந்துச்சு. அந்தச் சந்துல ஆள் நடமாட்டமே கெடையாது. காசு கொடுத்தா வாங்க மாட்டா. மூஞ்சியில விட்டெறிவா. கூட்டத்த அந்த வாசல்ல நிறுத்தணும்னா ஏதாவது இருக்கணும்ல. அங்க இருந்தது அந்தக் கல்லுதான்."

ஆற்றில் ஒரு படகு மோட்டார் சத்தத்தோடு பாலத்துக்கு அடியில் போனது. அதிகாரியம்மா அளக்கிற ஆட்களுக்குப் போன் போட்டு, "கோட்ட அழிச்சிட்டுக் கெளம்புங்க. அங்க நமக்கு வேலை இல்ல," என்றார். எங்களுக்குத் தலையசைத்துவிட்டு நடந்தார்.

வீடு தப்பிவிட்டது. நான் டேப்பின் முதுகில் தட்டினேன். அவன் திரும்பவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். யார் தயவும் இல்லாமல் என் கையை நம்பி நிற்கிறேன் என்று எங்கே போனாலும் தலையை நிமிர்த்திச் சொல்கிறவள் அவள். இப்போது அந்தத் தலை குனிந்திருந்தது.

"அப்ப வந்தவங்க எல்லாம் கல்லப் பாக்க வந்துட்டு, போனா போகுதுன்னு என் பைய வாங்கினாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. நிறுத்தினதுதான் நான். பை நல்லா இருந்துச்சு. அதனாலதான் வாங்கினாங்க. சத்தியமா சொல்றேன்."

அது உண்மை. எனக்குத் தெரியும். அக்கா அவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள். அவள் நம்பிவிட வேண்டும் என்று எனக்கு அத்தனை ஆசையாக இருந்தது. ஆனால் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு. பை நல்லா இருந்துச்சா?"

"தையல் பிரியாதுக்கா," என்றேன். "கலருதான் கண்றாவி. ஆனா மறுபடி ஊருக்கு வந்தவங்க, அந்தப் பை விக்கிற அம்மா வீடு எதுன்னு என் கடையில வழி கேட்டிருக்காங்க. கல்லப் பத்திக் கேக்கல."

அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி," என்று சொல்லிவிட்டு, திறந்து போட்டு வந்த வீட்டைப் பார்க்க வேகமாக நடந்தாள்.

டேப்பு அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றான். "நான் சொன்னதத்தானே நீயும் சொன்னே?" என்றான்.

"ஆமாண்டா."

"அப்ப ஏன் என் வார்த்தைய நம்பாம உன்கிட்ட கேட்டா?" என்றான்.