கிளிப்பச்சை ராணுவ லாரி

ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளை வடக்கே இருக்கும் டிப்போக்களிலிருந்து திண்டுக்கல் பக்கம் ஓட்டிக்கொண்டு வருவது என் தொழில். 'ஓட்டிக்கொண்டு' என்பதை ஒரு மரியாதைக்காகச் சொல்கிறேன்.

எங்கள் பேச்சில் இவற்றுக்கு டிஸ்போசல் வண்டி என்று பெயர். வாங்குபவர் வீட்டில் உட்கார்ந்தபடியே செல்போனில் ஏலம் எடுத்துவிடுகிறார். வண்டி நிற்பது மூன்று மாநிலம் தாண்டி. நடுவில் இருக்கிற தூரத்துக்கு நானும் மெக்கானிக் சவரிமுத்துவும் பொறுப்பு. பழைய வண்டி வாங்கி, குடும்பத்தோடு ரோட்டோரம் நின்று, தெரிந்தவர் யாராவது கடந்துபோனால் 'சும்மா காத்து வாங்குறோம்' என்று சிரித்த அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். புது வண்டி வாங்கியவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் வண்டியும் ஒருநாள் பழசாகும்.

மாலை

நெய்க்காரப்பட்டி வேலுச்சாமிக்குத் தென்னந்தோப்பு. மழைக்காலத்தில் அதற்குள் போன லாரி வெயில்காலத்தில்தான் வெளியே வரும். நாலு சக்கரமும் இழுக்கிற ராணுவ லாரி இருந்தால் சேற்றிலும் தேங்காய் ஏற்றலாம் என்று கணக்குப் போட்டு ஒன்றை ஏலத்தில் எடுத்தார். டெலிவரி எடுக்கத் தானும் வருவேன் என்று எங்களோடு ரயிலேறினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கட்டச் சொல்லி வாங்கிய ரோஜா மாலை. வழியெல்லாம் அதற்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தார்.

டிப்போவில் லாரியைக் காட்டினார்கள். ஏலப் படம் நல்ல பக்கத்திலிருந்து எடுத்தது. கெட்ட பக்கத்தில் கதவு இல்லை. பேட்டரி இல்லை. டிரைவர் சீட் தவிர வேறு சீட் இல்லை. தரை ஓட்டை வழியாக ஒரு செடி வளர்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றது. 'இருக்கிற இடத்தில் இருக்கிறபடியே' என்பதுதான் விற்பனை நிபந்தனை. செடியும் அதில் அடக்கம். வேலுச்சாமி அந்தச் செடியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு, கொண்டுவந்ததை வீணாக்குவானேன் என்று முன்பக்கம் போய் வாடின மாலையைத் தூக்கினார். காவலுக்கு நின்ற தேனிப் பக்கத்து ஜவான் ஓடிவந்து தடுத்தார்: "மாலையப் போட்றாதீங்கண்ணே, ஆள் போயிருச்சுன்னு நெனச்சு உள்ள இருக்கவய்ங்கல்லாம் தொப்பியக் கழட்டிருவாய்ங்க!"

பிரேக்

சவரிமுத்து கையோடு கொண்டுபோயிருந்த பேட்டரியை மாட்டி, டாங்கியைக் கழுவி, செடியைப் பிடுங்கி, எப்படியோ உயிர் கொடுத்தான். கறுப்புப் புகையோடு வண்டி கேட்டைத் தாண்டியபோது டிப்போ ஊழியர்கள் கைதட்டினார்கள். வாழ்த்தா, தொலைந்தது என்கிற நிம்மதியா என்று நான் விசாரிக்கவில்லை. பக்கத்து பஜாரில் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டி, வேலுச்சாமியை அதில் உட்காரவைத்தோம். சவரி பின்னால், தார்ப்பாய்க்கு அடியில்.

இந்த லாரியில் ஓர் ஊரில் நிற்க வேண்டுமென்றால் அதற்கு முந்தின ஊரிலேயே முடிவு செய்துவிட வேண்டும். நாக்பூர் தாண்டி ஓரிடத்தில் எருமைகள் ரோட்டைக் கடந்தன. நான் மிதிக்கிறேன், வேலுச்சாமியும் நாற்காலியில் உட்கார்ந்தபடி வெறும் தரையை மிதிக்கிறார். கியரைக் குறைத்துக் குறைத்து, கடைசி எருமையின் வால் கண்ணாடியில் படுகிற மாதிரி நிறுத்தினேன். வேலுச்சாமி இறங்கி, வேட்டியை இறுக்கிக்கொண்டு, "ஏனுங்க, பிரேக்குன்னு ஒண்ணு இதுல வெக்கவே இல்லீங்களா?" என்றார். பின்னாலிருந்து தலையை நீட்டினான் சவரி: "இது சண்டைக்குன்னே செஞ்ச வண்டிண்ணே. முன்னால போகத்தான் சொல்லிக் குடுத்திருக்காய்ங்க, நிக்கிறதுக்கு இல்ல."

டோல்கேட்

ராணுவப் பச்சைக்கு ரோட்டில் இருக்கிற மதிப்பு உங்களுக்குத் தெரியாது. கார்க்காரர் ஒதுங்குகிறார். டீக்கடைக்காரர் டம்ளரை இரண்டாம் தடவை கழுவுகிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சல்யூட் அடிக்கிறார்கள். முதல் நாள் வேலுச்சாமி கூச்சப்பட்டுக் கும்பிட்டார். மறுநாள் தலையை மட்டும் அசைத்தார். ஐதராபாத் தாண்டுவதற்குள் ரோட்டுக் கடையில் கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு, மீசையைக் கத்தரித்து, கயிறு கட்டின நாற்காலியில் நெட்டுக்குத்தாக உட்கார்ந்து, பதில் சல்யூட்டே வைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஓசூருக்கு இந்தப் பக்கம் ஒரு டோல்கேட்டில் எங்களைக் கண்டதும் தடுப்பைத் தூக்கிவிட்டார்கள். இது இனி ராணுவத்தினுடையது அல்ல என்று நான் காகிதத்தைக் காட்டிப் பணம் கட்டினேன். ஃபாஸ்டேக் ஸ்டிக்கர் ஒட்டாத வண்டி என்று இரட்டிப்பாக வாங்கிக்கொண்டார்கள். "வந்த மரியாதையக் காசு குடுத்துக் கெடுத்துப்போட்டீங்களே" என்று வேலுச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரசீது கொடுத்த பையனுக்குக் காகிதத்தில் நம்பிக்கை விழவில்லை. கறுப்புக் கண்ணாடியை ஒரு தடவை, தார்ப்பாய்க்கு வெளியே தெரிந்த சவரியின் காலை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாக எட்டி மெதுவாகக் கேட்டான்: "எங்கிட்ட மட்டும் சொல்லுங்க சார், காவிரித் தகராறுக்குத்தானே போறீங்க?"

லீவு

கரூர் தாண்டி டீ குடிக்கும்போதுதான் பெயிண்ட் பேச்சை எடுத்தேன். ராணுவப் பச்சையை ராணுவத்தைத் தவிர யாரும் அடித்துக்கொள்ளக் கூடாது, சட்டம் அப்படி. வழியில் காகிதத்தைக் காட்டிச் சமாளிக்கலாம், ஆனால் திண்டுக்கல் ஷெட்டில் வேறு கலர் அடிக்காமல் எந்த வண்டியையும் நான் ஒப்படைப்பதில்லை. இதைக் கேட்டதும் வேலுச்சாமி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே கண் கலங்கியிருந்தது.

விஷயம் தேங்காய் மட்டும் இல்லை. அவருக்கு ஒரே மகள், கௌசல்யா. பழனிப் பக்கம் கீரனூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளை திருப்பூரில் வேலை. வாரக்கடைசியில் வருவார், அப்பாவுக்கு எதிரே வாய் திறக்க மாட்டார். அந்த அப்பா, அதாவது சம்பந்தி, ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டையும் அப்படியே நடத்துகிறார். காலையில் விசில். மருமகள் பிறந்த வீட்டுக்குப் போவதென்றால் அதற்குப் பெயர் லீவு. முன்கூட்டியே கேட்க வேண்டும், அவர் சாங்ஷன் செய்ய வேண்டும். கௌசல்யாவின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது. கட்டுப் பிரித்ததும் முதலில் மகள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். வேலுச்சாமி கூப்பிடப் போனார். தாமதமாகக் கேட்டதால் லீவு இல்லை என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவிட்டார் சுபேதார். அந்த அம்மாள் இன்னும் மகளைப் பார்க்கவில்லை. ராணுவ லாரியில் போய் இறங்கினால் மதித்துப் பெண்ணை அனுப்புவார் என்பது வேலுச்சாமியின் திட்டம்.

நான் சட்டத்தை மறுபடி ஒருமுறை சொன்னேன். எனக்கே அது சப்பென்று கேட்டது. வேலுச்சாமி டம்ளரைக் கீழே வைத்தார்: "கீரனூர்த் தெரு ஒண்ணு மட்டும் பச்சையாப் போகட்டுங்க. அந்த மனுசன் பச்சைக்கு மட்டுந்தானுங்க எந்திரிச்சு நிப்பாரு."

எந்தப் பச்சை

நான் அசையவில்லை. தொழில் போய்விடும். "ராணுவப் பச்சைதான் கூடாது, வேற எந்தக் கலர்னாலும் உங்க இஷ்டம்" என்று சொல்லி, திண்டுக்கல் ஷெட்டில் வண்டியை விட்டுவிட்டு, சின்னாளப்பட்டியில் ஒரு ஜீப்பைப் பார்க்கப் போனேன். சுங்குடிச் சேலை வியாபாரி ஒருவர் அதை விற்கப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருப்பார், விற்க மாட்டார், நானும் பார்க்கப் போவதை விடமாட்டேன். அன்றும் அவர் விற்கவில்லை.

திரும்பி வந்தால் ஷெட் வாசலில் சின்னக் கூட்டம். வேலுச்சாமி என் வார்த்தையை வார்த்தையாகவே எடுத்துக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போயிருக்கிறார். ராணுவப் பச்சையைத் தவிர என்ன பச்சை இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். கடைக்காரரிடம் நிறைய மிஞ்சிக் கிடந்தது கிளிப்பச்சை. பம்பரிலிருந்து பின்கதவு வரை அடித்தாகிவிட்டது. மாலை வெயிலில் பார்க்கக் கண் கூசியது. வேலுச்சாமி பயந்துபோய் ஓரமாக நின்றார். நான் சவரியைத் தேடிப்பிடித்துச் சத்தம் போட்டேன். அவன் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக்கொண்டே நிமிர்ந்தான்: "நீங்க கூடாதுன்ன பச்சைய நான் தொடவே இல்லண்ணே. இதுக்கு ஒரு கிளி வந்து கேஸ் போட்டாத்தான் உண்டு."

ஆயக்குடி

மறுநாள் கிளம்பினோம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு விசிலடித்தார்கள். ஒரு பிள்ளைகூட சல்யூட் வைக்கவில்லை. வேலுச்சாமி கறுப்புக் கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆயக்குடியில் கொய்யா விற்கிற அம்மா ஒருவர் ரோட்டோரம் கூடையோடு உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் கூடையை முந்தானையால் மூடினார்: "கிளிய அந்தப் பக்கமா ஓட்டுங்க சாமி, இப்பத்தான் பறிச்சாந்தேன்!"

கீரனூர்

நேராக நெய்க்காரப்பட்டிக்குப் போயிருந்தால் வீட்டுச் சோறு சாப்பிட்டிருக்கலாம். பழனியில் செல்ஃப் மோட்டார் வேறு உயிரை விட்டிருந்தது. இனி இஞ்சினை அணைத்தால் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். இருந்தும் வேலுச்சாமியின் முகத்தைப் பார்க்க முடியாமல் கீரனூர்ப் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

சுபேதார் வாசலில்தான் இருந்தார். காக்கி அரைக்கால் சட்டை, கான்வாஸ் ஷூ, கையில் செடிக்குத் தண்ணீர் விடும் குழாய். நான் கீழே இறங்கி வணக்கம் சொல்வதற்குள், செல்ஃப் போனதை மறந்தானோ என்னவோ, பெரியவர் முன்னால் சத்தம் கூடாது என்று சவரி கையை விட்டு இஞ்சினை அணைத்துவிட்டான். சுபேதார் குழாயைப் போட்டுவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு லாரியை ஒரு சுற்றுச் சுற்றினார். வேலுச்சாமி தொண்டையைச் செருமி, "புள்ளைய ரெண்டு நாளைக்கு..." என்றார். "அதெல்லாம் முன்னாடியே சொல்லோணுங்க சம்பந்தி. இப்ப வண்டிய எடுங்க, தெருவ அடைச்சிருக்குது" என்றார் சுபேதார்.

எடுத்தோம். வண்டி வரவில்லை. அப்போது சுபேதாரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வேலை செய்கிற லாரியால் அவருக்கு ஒன்றும் ஆக வேண்டியதில்லை. நின்றுபோன ராணுவ லாரி, உத்தரவு போட்டுக் கிளப்ப வேண்டிய அவருடைய ஆள். என்னை ஒதுக்கிவிட்டு, டிரைவர் சீட்டில் ஏறினார். விசிலை எடுத்து ஊதினார். தெருவே வெளியே வந்தது. வரிசை பிரித்து நிற்கவைத்து, "ஏக்! தோ! தீன்!" என்று இந்தியில் எண்ணிக் கத்தினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலுச்சாமியும் தள்ளினார். சுபேதார் கதவில்லாத பக்கமாகத் தலையை நீட்டி, "சம்பந்தி, குனிஞ்சு தள்ளுங்க! நெஞ்ச நிமித்தறதெல்லாம் வண்டி கிளம்புனதுக்கப்புறம்!" என்றார். தெரு சிரித்தது. வேலுச்சாமி குனிந்து தள்ளினார். கூப்பிட வந்த இடத்தில் கூலியாளாக நிற்கிறோமே என்று அவருக்குப் பட்டிருக்கும். வாசற்படியில் மகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

புகை கக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. பக்கத்தில் தொற்றிக்கொண்ட சவரி கத்தினான்: "அணைச்சிராதீங்க ஐயா, மறுக்கா வராது!" சுபேதார் இருபது வயது குறைந்தவராக நிமிர்ந்தார். "யாரு அணைக்கறா? நெய்க்காரப்பட்டி வரைக்கும் நானே கொண்டுபோய் நிறுத்தறேன்" என்று கியரை மாற்றினார். வண்டி ஊர்ந்தது. நானும் வேலுச்சாமியும் ஓடிப்போய்ப் பின்னால் ஏறினோம். திரும்பிப் பார்த்தால் கௌசல்யா கையில் ஒரு துணிப்பையோடு ஓடிவருகிறாள். அந்தப் பை எத்தனை நாளாகக் கட்டித் தயாராக இருந்ததோ. அப்பா கையைக் கொடுத்தார். ஒரே தாவில் ஏறினாள். கண்ணாடியில் பார்த்துவிட்ட சுபேதார், "கௌசல்யா! யாரு லீவு சாங்ஷன் பண்ணுனது?" என்று அதட்டினார். அவள் பின்கதவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, இஞ்சின் சத்தத்துக்கு மேல் பதில் சொன்னாள்: "வண்டிய நிறுத்தக் கூடாதுங்களாமா மாமா. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க, லீவ எங்கூட்டுல வந்து எறங்கிச் சாங்ஷன் பண்ணிக்கலாமுங்க!"

இத்தனை வருடத் தொழிலில், சரியான இடத்தில் மக்கர் செய்து வாங்கியவருக்கு உதவிய ஒரே வண்டி அதுதான் என்பதால், அதன் செல்ஃப் மோட்டாரை மாற்றித் தரும்படி வேலுச்சாமி இன்றுவரை எங்களைக் கேட்கவில்லை.