கானாங்கோழியின் தீவு

மலைமேல் இருக்கும் வாசலூர்பட்டி ஏரியில் ஒரு திட்டு உண்டு. நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும். ஆள் நடமாட்டம் கிடையாது. ஒரு நாவல் மரம், சுற்றிலும் கோரை, அவ்வளவுதான். நாவல் விதையை ஏதோ பறவை எச்சத்தோடு போட்டிருக்க வேண்டும். மரத்தில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து ஈரம் உலர்த்தும். வெயில் ஏறினால் ஆமைகள் சேற்றில் வந்து படுக்கும். நான் அதைத் தீவு என்பேன். என் மனைவிக்கு அது வெறும் மண்மேடு.

எனக்கு மலைக்கு மாற்றல் வந்தபோது கூடவே வந்தவள், குளிரும் அட்டையும் பிடிக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, நான் எங்கம்மா ஊட்டுக்கே போயிடறனுங்க" என்று ஒரு நாள் பையைக் கட்டிவிட்டாள். போவதற்கு முன் படகிலாவது ஏற்றுவோம் என்று கூட்டிப்போனேன். திட்டை ஒட்டிப் போகும்போதுதான் கோரைக்குள் கானாங்கோழி அடைகாப்பதைப் பார்த்தாள். வெள்ளை முகம், வெள்ளை நெஞ்சு. நாங்கள் கிட்டப் போயும் அது அசையவில்லை. அடியில் எத்தனை முட்டை என்று தெரியவில்லை.

"பாவம், தனியா உக்காந்திருக்குதுங்க. குஞ்சு பொரிச்சதும் போறேன்" என்றாள்.

பிறகு தினமும் சாயங்காலம் கரைக்கு வந்தோம். அவளுக்கு ஆவல், எனக்கோ பயம். முட்டை பொரியக் கூடாது என்று வேண்டிக்கொண்ட பாவி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மழை தள்ளிப்போனது. தண்ணீர் வற்றி, கரையிலிருந்து திட்டுக்குச் சேற்றுப் பாதை ஒன்று தெரிந்தது. சுற்றுலா வந்தவர்கள் எறிந்த சிப்ஸைப் பொறுக்கும் நாய் அதில் பாதி தூரம் போய் மோப்பம் பிடித்தது. அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நாய் முட்டையைத் தின்றாலும் இவள் போய்விடுவாள். அதுவும் அழுதுகொண்டே போவாள். எனக்கு வந்ததே கோபம்! நாயை விரட்டிவிட்டு, முழங்கால் சேற்றில் இறங்கி, கரையோர உண்ணிமுள்ளை ஒடித்து ஒடித்துப் பாதை முழுக்கப் போட்டேன். கையெல்லாம் கீறல். வீட்டில் அவள் மஞ்சள் குழைத்துப் பூசிவிட்டாள்.

சில நாள் கழித்து, ஆபீஸ் போகும் வழியில் பார்த்தேன். தாய்க்குப் பின்னால் கரிக்கட்டை போலக் குஞ்சுகள் நீந்தின. அன்று முழுக்க வேலை ஓடவில்லை. சாயங்காலம் தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன். அவள் விடாமல் இழுத்துப்போனாள். குஞ்சுகள் எங்கள் முன்னாலேயே மேய்ந்துகொண்டிருந்தன. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு முட்டை பொரியாம இருக்குமுங்க" என்றாள், என் பக்கம் திரும்பாமல்.

"இருக்கும் கண்ணு" என்றேன். "மெதுவாப் பொரியட்டும்."