பட்டாளத்தாரின் இரண்டு வசனங்கள்

என் அக்காவின் கணவரை எங்கள் பகுதியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பட்டாளத்தார் என்றால் போதும். இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்தவர். துப்பாக்கி, பீரங்கி என்று கதை கேட்க வந்தவர்களை எல்லாம் ஏமாற்றினார். ஏனென்றால் முக்கால்வாசிக் காலம் அவர் காத்தது ஒரு கிடங்கின் வாசலை.

"உள்ள என்ன இருந்துச்சு அத்தான்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கம்பளிப் போர்வை. ஆனா ஒண்ணுகூடத் தொலையல!"

போன மாதம் அவர் தவறியபோது, துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டுதான் போனார்கள். அந்த நாடகக் கதையைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேச இங்கே யாராலும் முடியாது. அதில் மாட்டிக்கொண்டு முழித்தவன் நான் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்று வந்ததும் அத்தானுக்கு நாடகப் பைத்தியம் பிடித்தது. எங்கள் குழுவில் தையல்கடை மாஸ்டர்தான் எழுதி இயக்குவார். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் நான் கதாநாயகன். வேறு ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு முதல் ஆளாக வந்து, அத்தான் நாற்காலிகளை நூல் பிடித்த மாதிரி போடுவார். எல்லோருடைய வசனமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வேஷம்தான் கிடைக்கவில்லை. வாயைத் திறந்தால் மைதானத்தின் மறுகோடிக்குக் கட்டளை போடுகிற குரல். அதனால் மாஸ்டர் அவர் கையில் திரைக்கயிற்றைக் கொடுத்தார். எட்டரைக்கு நாடகம் முடியும் என்று நோட்டீஸில் போட்டிருந்தால் எட்டரைக்குத் திரை விழும், கதாநாயகி பாதி அழுகையில் இருந்தாலும் சரி.

ஒன்பது வருடம் மாஸ்டரை நச்சரித்தார். "ஒரே ஒரு வசனம் குடுங்க மாஸ்டர். மேடையில நான் பேசணும், அவ்வளவுதான்."

கடைசியில் அரண்மனைக் காவலன் வேஷம் வந்தது. தூதுவனாக நான் ஓடி வருவேன். அவர் "நில்! ரகசிய வார்த்தை?" என்பார். நான் "மூன்று புறா" என்பேன். அவர் "போகலாம்" என்பார். நான் உள்ளே போய், சாகக் கிடக்கும் ராஜாவிடம் சேதி சொல்ல வேண்டும். "இதுல சொதப்பினீங்கன்னா கடைசி வரைக்கும் கயிறுதான்," என்று மாஸ்டர் எச்சரித்தார். அத்தான் ஒரு மாதமாகக் குளியலறைக் கதவிடம் ரகசிய வார்த்தை கேட்டுக்கொண்டிருப்பதாக அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

நாடகத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. நான் ஓடி வந்தேன்.

"நில்! ரகசிய வார்த்தை?"

ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. அந்த அதிர்ச்சியில் என் மூன்று புறாவும் பறந்துவிட்டன.

"காவலரே... அவசரம்... விடுங்க," என்று உளறினேன்.

"வார்த்தை?"

பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து மாஸ்டர், "மூணு புறா, மூணு புறா" என்று கிசுகிசுத்தார். அத்தான் ஈட்டியை அந்தப் பக்கம் திருப்பினார். "யாருய்யா அங்க ஒளிஞ்சிருக்கறது? வெளிய வா!" கழுத்தில் அளவு நாடாவோடு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மாஸ்டர் மேடைக்கு வந்தார்.

மண்டபமே எழுந்து, "மூணு புறா!" என்று எனக்காகக் கத்தியது. நானும் கத்தினேன்.

"ஊருக்கே தெரிஞ்சது எப்படிடா ரகசியம் ஆகும்? செல்லாது! வேற சொல்லு!"

அட்டைச் சுவரைச் சுற்றிக்கொண்டு நழுவப் பார்த்தேன். கொத்தாகச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து பழைய இடத்திலேயே நிறுத்தினார். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே சாகக் கிடந்த ராஜா நிஜமாகவே தூங்கிப்போய்க் குறட்டை விட்டார்.

முன்வரிசையில் அக்கா எழுந்தாள். "அவன் என் கூடப்பிறந்த தம்பி. நான் ஜாமீன். உள்ள விடுங்க!"

"நீங்க யாரும்மா?"

"வீட்டுக்கு வாங்க, சொல்றேன்!"

அத்தான் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில், "போகலாம்" என்றார்.

அந்த இரண்டு வசனத்துக்கும் நடுவில் பதினொரு நிமிடம்! ஒப்பனை அறையில் மாஸ்டர் குதியோ குதி என்று குதித்தார். "இது கிடங்கு இல்லய்யா, நாடகம்! இங்க வந்தும் ராணுவச் சட்டமா?"

அத்தான் ஒட்டுமீசையைக் கையில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"சட்டமாவது ஒண்ணாவது. மச்சான் மறந்துட்டான்னு அப்பவே தெரியும் மாஸ்டர்."

"தெரிஞ்சும் ஏன் விடல?"

"'போகலாம்'னு சொல்லிட்டா என் வேஷம் முடிஞ்சிடுமே."

மாஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்து, "அடுத்த நாடகத்துல உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும், சொல்லுங்க," என்று கேட்டார்.