பயந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்

எழுபதுகளின் நடுப்பகுதி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில், மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், சுற்றும் பிரிவில் எனக்கு வேலை. வீடு கொரட்டூரில். இரண்டாவது பெண் பிறந்து எட்டு மாதம். வேலைக்குக் கிளம்பும் முன்னும் திரும்பி வந்த பின்னும் அவளுக்குத் தாய்ப்பால்தான்.

ஒரு சனிக்கிழமை எங்கள் கேன்டீனில் பெண்களுக்காக முகாம் நடத்தினார்கள். மார்பில் புற்றுநோய்க் கட்டி இருக்கிறதா என்று பார்க்க, பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். எங்களுக்கு அப்போது மெஷின் பரிசோதனையெல்லாம் தெரியாது. கையால் தடவிப் பார்ப்பதுதான். மேஜைகளை ஒதுக்கி, பெட்ஷீட்டால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். எல்லோரும் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள், இதில் நஷ்டம் ஒன்றுமே இல்லை என்றார் டாக்டரம்மா. சினிமாவுக்கு நிற்பதைப்போலச் சிரித்துப் பேசிக்கொண்டு வரிசையில் நின்றோம்.

அத்தனை பேரில் இரண்டு பேரை மட்டும் தனியே உட்காரச் சொன்னார். ஒன்று நான். இன்னொன்று, எனக்குப் பக்கத்து மெஷினில் வேலை செய்த, பூந்தமல்லியிலிருந்து வரும் ஓர் அக்கா. இருவருக்கும் கட்டி இருந்தது. கட்டியை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

ஆபரேஷனுக்கு மூன்று வாரம் தள்ளித்தான் இடம் கிடைத்தது. பால் வழியாகக் குழந்தைக்கு நோய் ஒட்டிக்கொள்ளும் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். யாரையும் கேட்கவில்லை. முகாம் நடந்த அன்று சாயங்காலமே பால் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். அவள் அழுவாள், நான் பக்கத்து அறையில் மார்பைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு நிற்பேன். புட்டிப்பால் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றுப்போக்கு வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இளைத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மயக்கம் கொடுத்துக் கட்டியை எடுப்பார்கள். அங்கேயே சோதித்துப் பார்த்துப் புற்று என்றால், அதே மயக்கத்தில் மார்பையும் எடுத்துவிடுவார்கள். கண் விழிக்கும்போதுதான் எனக்கே தெரியும். பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்காவுக்கும் அதே காகிதம்தான். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கைநாட்டு வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இன்னாத்துக்கு அழுவுறே? போனா ஒண்ணு போவட்டும். புள்ளைங்களுக்கு நாம வோணும்."

விழித்ததும் என் கை தானாக மார்புக்குப் போனது. இருந்தது. எனக்குச் சாதாரணக் கட்டிதான். அக்காவுக்குப் புற்று; ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கட்டுப் பிரிக்க வந்த டாக்டரம்மா, குழந்தை எப்படி இருக்கிறாள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நான் பால் நிறுத்தியதையும் அவள் இளைத்ததையும் சொன்னேன். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"பால் கொடுக்கிறவங்களுக்கு இந்த மாதிரிக் கட்டி வர்றது சகஜம்மா. சில வாரம் விட்டுத் திரும்பப் பார்த்திருக்கலாம். நான் அவசரப்பட்டுட்டேன். நஷ்டம் ஒண்ணுமே இல்லைன்னு சொன்னதும் தப்பு."

ஒரு டாக்டர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை அதற்கு முன் நான் கேட்டதில்லை. கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன், வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி எங்கள் வீட்டுக்கே வந்து குழந்தையைப் பார்த்தார். அவள் தேறும்வரை நான்கைந்து வாரம் அப்படி வந்தார். பால் மட்டும் எனக்குத் திரும்பச் சுரக்கவே இல்லை.

மறு வருடம் மீண்டும் முகாம். என்னையும் அக்காவையும் முதலில் பேசச் சொன்னார் டாக்டரம்மா. முகாமைப் புகழ்ந்து நாலு வார்த்தை சொல்ல வேண்டும்போல என்று நினைத்தேன். அவரோ, "நடந்ததை அப்படியே சொல்லுங்க. பயந்ததையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றார். எங்கள் மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. இதைக் கேட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்றார். வருகிற பாதிப் பேர் தெரிந்துகொண்டு வரட்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

நான் எழுந்து நின்று, காகிதத்தையும், துணி கட்டிக்கொண்டு நின்ற நாட்களையும் சொன்னேன். அடுத்து அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "அன்னிக்கி இந்தம்மா கைல ஆப்புடலைன்னா, இன்னிக்கி நான் இங்க நின்னுகினு இருக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பிறகு டாக்டரம்மா எழுந்து, இரண்டு பேரும் சொன்னது நிஜம் என்றார். கட்டி என்றாலே புற்று இல்லை என்றும், சிலரைக் காரணமில்லாமல் பயமுறுத்த நேரலாம் என்றும், அதற்காகச் சந்தேகம் வந்தால் ஒளித்து வைக்காதீர்கள் என்றும் பொறுமையாகச் சொன்னார். பால் கொடுப்பவர்கள் தன்னைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். மேனேஜர் சொன்னபடி சிலர் எழுந்து போகத்தான் செய்தார்கள். அவர்களையும் வாசலில் நிறுத்தி, எப்போது கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அக்கா பேரப்பிள்ளைகளின் கல்யாணம்வரை இருந்தார். என் பெண்ணும் நன்றாக வளர்ந்து இப்போது பாட்டியாகிவிட்டாள். அவளுக்குப் பால் கொடுக்காமல் போன அந்த மாதங்கள் இன்றும் எனக்கு உறுத்தல்தான். ஆனால் தான் செய்த நல்ல காரியத்தில் ஒட்டியிருந்த கெடுதலை, யாரும் கேட்காமலே ஊரறியச் சொன்ன அந்த டாக்டரம்மாவை நினைக்கும்போதெல்லாம், என் கை தானாகக் குவிகிறது.