கண்ணில் விட்ட சொட்டும் என் மூச்சும்

எனக்கு மூச்சு வாங்கியபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. தலைவலி வந்தாலே மூளையில் கட்டி என்று அழுகிறவள் நான். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டால் நிஜ நோய்க்கும் மதிப்பில்லை. பழங்காநத்தத்தில் எங்களுக்கு மாடி வீடு. காய்கறிப் பையோடு ஏறினால் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிடுவேன்.

"ஏங்க, நெஞ்சுக்குள்ள விசில் அடிக்குது."

"கண்டக்டர் யாரும் உள்ள இருக்காராக்கும்," என்றார் வீட்டுக்காரர். "நெனச்சு நெனச்சே நோய வரவழைக்கிற."

தெருமுனை டாக்டர், வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவருகிறது என்று கொஞ்ச நாள் முன்புதான் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு கொடுத்திருந்தார்கள். விடாவிட்டால் பார்வை போய்விடும் என்ற பயத்தில் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் வாயில் போட்டு விழுங்குவதுதான் மருந்து. சொட்டை யார் அதில் சேர்த்தார்கள்?

டாக்டர் தந்த டானிக் கேட்கவில்லை. மறுபடி போனோம். காத்திருக்கும்போதே சொட்டு நேரம் வந்துவிட்டது. பெஞ்சிலேயே தலையைச் சாய்த்தேன், வீட்டுக்காரர் விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

"கண்ணுல என்னம்மா?"

பாட்டிலைக் காட்டினேன். படித்துவிட்டு என் கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

"சின்ன வயசுல மூச்சு இளைப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"கண் டாக்டர்ட்ட சொன்னீங்களா?"

"கண்ணுக்குப் போன எடத்துல நெஞ்சப் பத்தி எதுக்குச் சொல்லணும், டாக்டர்?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இது மூக்கு வழியா இறங்கி ரத்தத்துல கலந்துரும்மா. இளைப்பு உள்ளவங்களுக்கு மூச்சுக்குழாயச் சுருக்கும். நாடியும் மெதுவாத்தான் அடிக்குது."

"சொட்டு விட்டா தொண்ட கசக்குதுன்னு இவர்ட்ட அம்புட்டு தடவ சொன்னேன்!"

வீட்டுக்காரர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விட்டால் மூச்சு, விடாவிட்டால் கண். எதைக் கைவிடுவது? எனக்கு அங்கேயே அழுகை வந்தது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லி, டாக்டரே கண் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். மறுநாளே அங்கே வேறு சொட்டுக்கு மாற்றினார்கள். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரம் விரலால் அழுத்திக்கொள்ளவும் சொல்லிக்கொடுத்தார்கள்.

விசில் நின்றது. இப்போது படியில் உட்காராமல் ஏறுகிறேன். ஆனால் வீட்டுக்காரர் மேல் இருந்த எரிச்சல் மட்டும் இறங்கவில்லை. நேற்று மூட்டு வலிக்கிறது என்றேன்.

"ஆரம்பிச்சுட்டியா?" என்றார்.