அம்மா உரம் போடாத முன்வளவு

எங்கள் அம்மா பருத்தித்துறையில் பிறந்தவர். இலண்டனில் மிச்சம் என்ற ஊரில் அவர் கண்மூடி ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கும் நேரத்திலும் எனக்கு ஒரே யோசனைதான்: வீட்டு வாசலோடு கிடக்கும் முன்வளவில் அம்மாவின் பூக்கள் வருமா, வராதா?

எங்கள் அப்பாவை இளவயதிலேயே இழந்த அம்மா, ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஷிப்ட் வேலை செய்து என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். ஒருவரிடமும் கைநீட்டாதவர். ஓய்வுபெற்றதும் முன்வளவுப் புல்லை உரித்து, மேல்மண்ணையும் அள்ளி அகற்றிவிட்டு, இந்த நாட்டுக் காட்டுப்பூக்களை விதைத்தார். சொந்தக்காரர் சிரித்தார்கள்.

"உரம் போட்டால் புல்லுத்தான் எழும்பும் பிள்ளை. இதுகளுக்குச் சத்தில்லாத மண்தான் வேணும்," என்பார்.

கோடையில் வாசலெல்லாம் தேனீ இரையும். குளிர்காலத்தில் காய்ந்த தண்டுகளையும் வெட்டவிடமாட்டார். விதை கொத்தச் சிவந்த முகமுள்ள சின்னக் குருவிகள் வரும். தண்டுக்குள் பூச்சிகள் உறங்கும். கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும், "தண்டுகளை ஒருத்தரும் வெட்டேல்லைத்தானே?" என்றே கேட்டார். இல்லையம்மா என்றேன். அன்று அது உண்மைதான்.

இறுதிக்கிரியைக்கு ஆட்கள் வருவார்களே, வாசல் இப்படிக் கிடக்கலாமா என்று நினைத்த அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, நாங்கள் அம்மாவின் உடல் இருந்த மலர்ச்சாலைக்குப் போயிருந்த நேரத்தில் எல்லாவற்றையும் வெட்டி அள்ளி, மூட்டை மூட்டையாக உரமும் கொட்டிவிட்டார். முழுக்க அன்புதான். திரும்பி வந்து பார்த்த நான், அம்மா கடைசியாகக் கேட்டதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். விஷயம் தெரிந்ததும் அவர் வாசற்படியிலேயே குந்திவிட்டார். அந்தக் கோடையில் இடுப்பளவு புல்தான் வந்தது. தேனீக்களைக் காணவில்லை.

இலையுதிர்காலத்தில் சித்தப்பா முழங்கால் நோவோடு அந்த மண் முழுவதையும் சுரண்டி அள்ளினார். அம்மா ஜாம் போத்தலில் எடுத்துவைத்திருந்த விதையைத் தூவினோம். அதன்பிறகு ஒவ்வொரு காலையும் நான் தேத்தண்ணி குடிக்க முன்னமே அவருடைய போன் வந்துவிடும்.

"ஏதும் முளைச்சிருக்கோ பிள்ளை?"

"இன்னும் இல்லை, சித்தப்பா."

"அண்ணி என்னை மன்னிக்கமாட்டா."

போனும் கையுமாய் மறுபடி வாசலுக்குப் போய்ப் பார்ப்பேன்.

போன கிழமை அங்கங்கே பச்சை கண்டேன். சித்தப்பாவும் ஓடிவந்தார். இருவரும் குனிந்து குனிந்து பார்த்தோம். பூவா, புல்லா, தெரியவில்லை. பார்த்த உடனே சொல்லக்கூடியவர் அம்மா ஒருவர்தான்.

அம்மாவைப் பராமரித்த மருத்துவர்கள், தாதியர், கிரியைகளை நடத்தித் தந்த ஐயா, சமைத்துக் கொண்டுவந்து தந்த அயலவர், ஓடியோடி உதவிய உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. ஆண்டுத் திவசத்துக்கு வருவோரிடம் ஒரேயொரு வேண்டுகோள். வாசல் குப்பையாகத் தெரிந்தாலும் அன்புகூர்ந்து ஒன்றையும் பிடுங்காதீர்கள். வாசல் கேற்றடியில் சித்தப்பா கதிரை போட்டுக் காவல் இருப்பார்.

— மகள்